இருவருக்கான ரேஷன்

முட்டை இல்லாமலே நல்ல கேக் செய்யலாம். சமையல் சோடாவும் ஒரு கரண்டி வினிகரும் இருந்தால் போதும், மாவு தானாகப் பொங்கி வரும். புளிப்பு வாசனை வருமே என்று பயப்பட வேண்டாம். வேகும்போதே அது போய்விடும். நீங்கள் இளம்பெண், இந்தப் போலீஸ் உத்தியோகத்தில் இருந்துகொண்டு கேக் செய்ய நேரம் இருக்காது. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். என்றைக்காவது உதவும்.

டெஸ்ஸைப் பற்றித்தான் கேட்கிறீர்கள், தெரியும். கேக்கிலிருந்து தொடங்கினால்தான் டெஸ்ஸிடம் ஒழுங்காக வந்து சேர முடியும். வக்கீல் வேண்டாம் என்று நான் சொன்னது இந்த இயந்திரத்தில் பதிவாகிவிட்டதல்லவா? நல்லது. தேநீருக்கு நன்றி. சர்க்கரை போட்டிருக்கிறீர்கள். பரவாயில்லை, வீணாக்க மாட்டேன்.

என் பெயர் டோரீன் கார்சைடு. ஸ்கெல்பியில் கசாப்புக் கடை வைத்திருந்த டெஸ்மண்ட் கார்சைடின் மனைவி. லிங்கன்ஷயரின் இந்தப் பக்கத்தில் அவருடைய பன்றிக்கறி சாசேஜைச் சாப்பிடாத வீடு இல்லை. ஆள் பெரிய உருவம். ஞாயிற்றுக்கிழமை மேசையில் வறுத்த கறியை அவர்தான் அறுப்பார். நடுத்துண்டுகள் அவருக்கு, ஓரத்தில் காய்ந்துபோனது எனக்கு. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. டோரீனுக்குக் காய்ந்த துண்டுதான் பிடிக்கும் என்று எல்லோரிடமும் அவரே சொல்வார். நாளாக ஆகப் பிடித்தும் போயிற்று.

எங்கள் முப்பதாவது திருமண நாளில் ஒரு வேடிக்கை சொன்னார். பக்கத்து வீட்டு கிளெண்டா ஓட்லி அதை உங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பாள், காரணம் கண்டுபிடித்துவிட்ட மாதிரி. விருந்துக்கு வந்தவர்கள் எல்லாம் தட்டோடு நிற்கும்போது டெஸ் உரக்கச் சொன்னார்: "எங்க வீட்டுல மட்டும் யுத்தம் இன்னும் முடியலப்பா. டோரீன் தட்டுல போடுறதப் பாத்தா, ரேஷன் கார்டு எங்க வெச்சோம்னு சட்டைப்பையத் தேடுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நன்றாகத்தான் சொன்னார். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை.

போன வருடத்துக்கு முந்தின இலையுதிர் காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுதும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு சொல் தவிர. அந்தச் சொல், சரி. பசிக்கிறதா என்றாலும் சரி, குளிர்கிறதா என்றாலும் சரி, இன்று வியாழக்கிழமை என்றாலும் சரி. ஒரு வாழ்நாள் முழுக்க நான் எது சொன்னாலும் இல்லை என்று ஆரம்பித்த மனிதரிடம் கடைசியில் தங்கியது அந்த ஒரு சொல்தான். எனக்கு அது ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் தவறாக நினைக்காதீர்கள்.

முதல் வருடம் அவரை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டேன். கேட்டுப் பாருங்கள். மாதம் ஒரு முறை வந்து பார்க்கும் செவிலி மாரிசோலே என்னைப் பாராட்டியிருக்கிறாள். விழுங்குவது கஷ்டம் என்பதால் எல்லாவற்றையும் மசித்துக் கொடுக்க வேண்டும். உடம்பு இளைக்கக் கூடாது என்று டாக்டர் ஒரு சத்துமாவு எழுதிக் கொடுத்திருந்தார். வெண்ணிலா வாசனையோடு வெள்ளை மாவு, பெரிய டப்பா. மருந்துக் கடை வண்டியில் அதுவாக வந்து இறங்கும். கொழுப்புப் பாலில் கலக்கிக் காலையிலும் மாலையிலும் கொடுத்தேன். கன்னம் பழையபடி உப்பியது.

இந்த ஜனவரியில் ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து எண்பது வருடம் ஆகிறது, மே எட்டாம் தேதி பெரிதாகக் கொண்டாட வேண்டும் என்று பேச்சு. ஹியூ டான்ஸ்லி எழுந்து ஒரு யோசனை சொன்னார். அவர் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் டை கட்டாமல் குப்பைத் தொட்டியைக்கூட வெளியே வைக்க மாட்டார்.

"கொடி கட்டி, பாட்டுப் போட்டு, கேக்கைத் தின்னுட்டுப் போறது யாராலயும் முடியும்," என்றார். "யுத்த காலத்துல அவங்க சாப்பிட்டதை நாம சாப்பிட்டுப் பாப்போமா? மே வரைக்கும் ரேஷன். நெஞ்சுல கை வெச்சு, திருட்டுத்தனம் இல்லாம. யாரு வரீங்க?"

கையைத் தூக்கியவர்களில் நான் ஒருத்தி. கிளெண்டா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் தன் கையைத் தூக்கினாள்.

ஓர் ஆளுக்கு வாரத்துக்கு ஒரு முட்டை. தீப்பெட்டி அளவு வெண்ணெய். சீஸ் இரண்டு வாய்க்கு வரும். பன்றிக்கறி ஒரு கைப்பிடி. உருளைக்கிழங்கும் கேரட்டும் வேண்டிய மட்டும். வியாழக்கிழமை தோறும் ஒவ்வொரு வீடும் தங்கள் ரேஷனில் செய்த ஒரு பண்டத்தை மண்டபத்துக்குக் கொண்டுவர வேண்டும். எல்லோரும் ருசி பார்த்து மதிப்பெண் போடுவார்கள். ஹியூ அதைக் கரும்பலகையில் எழுதுவார்.

எங்கள் சமையலறை பெரியது. கறி வைப்பதற்காகவே டெஸ் இரண்டு கதவு குளிர்பதனப் பெட்டி வாங்கிப் போட்டிருந்தார். அதை நான் முழுதாகக் காலி செய்து துடைத்தேன். திறந்தால் உள்ளே விளக்கு எரியும். வெண்ணெய்த் துண்டும் இரண்டு முட்டையும் ஒரு மூலையில் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதே எனக்கு ஒரு நிம்மதி. அவ்வளவு வெளிச்சத்தில் எதையும் யாரும் ஒளித்து வைக்க முடியாது.

முதல் வியாழனுக்குப் பருப்பும் ரொட்டித்தூளும் சேர்த்துப் போலி வாத்துக்கறி செய்துகொண்டு போனேன். சாதாரணமாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் பார்ஸ்னிப் கிழங்கை வேகவைத்து மசித்து, வாழைப்பழ வாசனைச் சொட்டு விட்டு, ரொட்டியில் தடவிக் கொண்டுபோனேன். அது பேர் வாங்கியது. தபால் கொண்டுவரும் பையனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "டோரீன், உனக்கு இந்தக் கை எங்கிருந்து வந்துச்சு? இவ்வளவு நாளும் எங்கள ஏமாத்திட்டியே," என்றாள். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் சமைத்ததைப் பற்றி ஒருவர் அப்படிச் சொல்லி அதற்கு முன் கேட்டதில்லை.

நல்ல பண்டம் செய்ய வேண்டுமானால் ஒத்திகை வேண்டும். ஒத்திகைக்கு வெண்ணெயும் சர்க்கரையும் வேண்டும். ரேஷனோ அளவானது. வீட்டில் இரண்டு பேர், இரண்டு பங்கு. நான் எழுந்து நடமாடுகிறவள், சமைக்கிறவள், மண்டபத்துக்கு நடந்து போகிறவள். டெஸ் படுக்கையில் இருந்தார். யுத்த காலத்திலேயே சுரங்கத்தில் வேலை செய்தவருக்குக் கூடுதலாகச் சீஸ் கொடுத்தார்கள், நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவருக்குக் கொடுக்கவில்லை. அது அரசாங்கமே ஏற்றுக்கொண்ட நியாயம். நான் அவரிடம் கேட்காமல் எடுக்கவில்லை. படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"டெஸ், இந்த வாரம் உங்க வெண்ணெய நான் எடுத்துக்கட்டுமா? கேக்குக்கு வேணும்."

"சரி," என்றார்.

அப்படித்தான் ஒவ்வொன்றும். முட்டை, சர்க்கரை, கறி. ஒன்றைக்கூட அவர் மறுக்கவில்லை.

சத்துமாவு எப்படி கேக்குக்குள் போனது என்று கேட்பீர்கள். பிப்ரவரியில் ஒரு நாள் அவர் பாதிக் கோப்பையை மிச்சம் வைத்தார். கொட்ட மனம் வரவில்லை. அன்று போலி க்ரீம் செய்து பார்த்துக்கொண்டிருந்தேன்; மார்ஜரின், சோள மாவு, பால், சர்க்கரை. எவ்வளவு அடித்தாலும் பசை மாதிரிதான் வரும். அந்தப் பாதிக் கோப்பையை அதில் ஊற்றி அடித்தேன். அது எழும்பிய விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கரண்டியைத் தூக்கினால் முனை நிமிர்ந்து நின்றது. வாயில் வைத்தால் கரைந்தது. அந்த வியாழன் கரும்பலகையில் முதல் பெயர் என்னுடையது.

அடுத்த வாரம் காலைக் கோப்பையை முழுதாக எடுத்துவைத்தேன். மார்ச் பிறந்தபோது மாலைக் கோப்பையும் சேர்ந்துவிட்டது. டப்பாவிலிருந்து மாவாகவே எடுத்தால் க்ரீம் இன்னும் நன்றாக வருகிறது என்று கண்டுபிடித்த பிறகு பாலில் கலக்கும் வேலையே மிச்சம்.

கிளெண்டா சும்மா இருப்பாளா? அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே என்மேல் ஒரு கண். மண்டபத்தில் என் கேக்கை விரலால் தொட்டு நக்கிப் பார்ப்பாள். "ஏ டோரீன், இது நிஜ க்ரீம்தானே? சும்மா சொல்லு, ஹியூகிட்ட சொல்ல மாட்டேன்," என்பாள், ஹியூவுக்குக் கேட்கும்படி. ஒரு நாள் என் குப்பைத் தொட்டியை யாரோ திறந்து அரைகுறையாக மூடியிருந்தார்கள். நரி என்று அவள் சொன்னாள். நரிக்கு மூடியைத் திரும்ப அரைகுறையாக மூடத் தெரியாது.

ஆனால் எனக்கும் அவள்மேல் சந்தேகம் இருந்தது, அதற்குக் காரணமும் இருந்தது. ஒரு காலை டெஸ்ஸின் படுக்கையை உதறினால் தலையணைக்கடியில் சுட்ட மாவுத் தூள். உள்ளே கறி வைத்துச் சுட்ட பலகாரம். அவருடைய இடது கையை விரித்துப் பார்த்தேன். விரல் இடுக்கில் கொழுப்பு. நான் கடைக்குப் போகிற நேரம் பார்த்துப் பின்வாசல் வழியாக யாரோ வந்திருக்கிறார்கள். இரண்டாவது முறை நான் போகிற மாதிரிப் போய், பாதித் தெருவில் திரும்பி வந்தேன். கிளெண்டா அவர் பக்கத்தில் உட்கார்ந்து கறிப் பலகாரத்தைப் பிய்த்துப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் மென்ற விதம் பார்க்கச் சகிக்கவில்லை.

"என்ன கிளெண்டா இது?" என்றேன்.

"பசியில இருக்காரு, டோரீன். ஆளு பாதியாயிட்டாரு. பாக்கவே வயிறு பத்துது."

"விழுங்கும்போது புரை ஏறினா மூச்சு நின்னுடும்னு டாக்டர் சொன்னது உனக்குத் தெரியுமா? அவரு செத்தா நீ வந்து பதில் சொல்லுவியா?"

அவள் வெளிறிப் போனாள். பலகாரத்தைக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். டெஸ் அந்தக் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டு, "சரி, சரி, சரி," என்றார். போகச் சொல்கிறார் என்று அவளிடம் விளக்கினேன். அன்றே பின்கதவுக்குப் பூட்டு மாற்றினேன். இனி எது வேண்டுமானாலும் முன்வாசல் வழியாகத்தான். யுத்த காலத்தில் இதற்குக் கள்ளச்சந்தை என்று பெயர். சிறைக்கே அனுப்புவார்கள்.

டாக்டர் சொன்னதை நான் இட்டுக்கட்டவில்லை. அவர் அப்படித்தான் சொன்னார். மசித்த உருளைக்கிழங்கு, கேரட் கஞ்சி, இதெல்லாம் பத்திரமானவை. அவற்றைத்தான் கொடுத்தேன்.

ஏப்ரலில் டெஸ் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டார். கரண்டியால் தட்டில் தட்டுவார். நான் அடுப்புப் பக்கம் போனாலே ஆரம்பித்துவிடும். சத்தம் மண்டைக்குள் ஏறும்; க்ரீம் அடிக்கும்போது கை நடுங்கினால் எல்லாம் திரிந்துவிடும். கரண்டியைப் பிடுங்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை. மரக்கரண்டி ஒன்றைக் கையில் கொடுத்தேன். அது அவ்வளவாகக் கேட்காது. கேக் வேகும் வாசனையும் அவரைக் கஷ்டப்படுத்தியது. வாயோரம் ஒழுகும், கண்ணிலிருந்தும் வரும். அதனால் சமையலறைக்குப் பக்கத்து அறையிலிருந்து அவர் கட்டிலைக் கடைசி அறைக்கு மாற்றினேன். பழைய ஆளாக இருந்தால் இரண்டு பேர் வேண்டும். நான் ஒருத்தியே அவரைத் தூக்கி உட்கார வைத்துக் கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டேன்.

எடைக்கற்களைப் பற்றிக் கேட்டீர்கள். அவை டெஸ்ஸின் கடைக் கற்கள்தான். பித்தளை. கடையை விற்றபோது அவற்றை மட்டும் விற்க மாட்டேன் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தார். மாரிசோல் அவரை நாற்காலித் தராசில் உட்கார வைத்து எடை பார்ப்பாள். பிப்ரவரியிலேயே முகத்தைச் சுளித்தாள். அவளுக்கு எத்தனை நோயாளிகள், எத்தனை அலைச்சல். மேற்கொண்டு ஒரு கவலை எதற்கு? மார்ச்சில் அவள் வருகிற நாளன்று அவருடைய கனத்த இரவுக் கோட்டைப் போட்டுவிட்டு, பைகளில் இரண்டு கற்களை வைத்தேன். ஏப்ரலில் வந்தபோது இரண்டு போதவில்லை. இன்னும் சில வைத்து, மேலே போர்வையைச் சுற்றிவிட்டேன்.

ஏப்ரலில் அவள் தராசைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள். மறுபடி தராசைப் பார்த்தாள்.

"மிஸஸ் கார்சைடு, எடை சரியாத்தான் காட்டுது. ஆனா கன்னம் ஒட்டிப்போச்சே. மணிக்கட்டப் பாருங்க, என் ரெண்டு விரலுக்குள்ள அடங்குது."

"வயசாகுதும்மா. அவங்க அப்பாவும் கடைசியில இப்படித்தான்."

"சத்துமாவு குடிக்கிறாரா?"

"டப்பா டப்பாவா காலியாகுது. நீயே பாரு."

பார்த்தாள். காலியாகத்தான் இருந்தன. பிறகு அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "டெஸ், என்னப் பாருங்க. சாப்பாடு போதுமா உங்களுக்கு?" என்று கேட்டாள். டெஸ் நெடுநேரம் வாயைத் திறந்து திறந்து மூடினார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. கடைசியில் வந்தது அதே சொல்தான். கண்ணில் நீர் வழிந்தது. பக்கவாதம் வந்தவர்கள் காரணம் இல்லாமல் அழுவார்கள் என்று முதல் வருடத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே மாரிசோல்தான். அன்று அவளே அதை மறந்துவிட்டாள் போலிருக்கிறது. உணவு நிபுணர் ஒருவரை அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். மே இரண்டாவது வாரம் வருவார் என்று பிறகு தொலைபேசியில் தகவல் வந்தது. கொண்டாட்டம் முடிந்த பிறகு என்பதால் எனக்கும் சௌகரியம் என்றேன்.

மே எட்டாம் தேதி காலை அவருக்கு மூச்சு இல்லை.

முந்தின இரண்டு நாளும் இருமல் இருந்தது. நெஞ்சில் சளி கட்டியிருந்ததாக உடலைப் பரிசோதித்த உங்கள் டாக்டர் சொன்னாராம், எதிர்த்து நிற்க உடம்பில் ஒன்றும் மிச்சம் இல்லை என்றும். இருக்கலாம். நான் கஞ்சியோடு உள்ளே போனபோது அவர் ஆறிப்போயிருந்தார். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். தொலைபேசி செய்தால் ஆம்புலன்ஸ் வரும், நீங்கள் வருவீர்கள், ஊரே வாசலில் நிற்கும். மூன்று அடுக்குக் கேக் செய்து வைத்திருந்தேன். அந்த க்ரீம் மதியத்துக்கு மேல் தாங்காது. டெஸ்ஸுக்கு இனி எந்த அவசரமும் இல்லை, கேக்குக்கு இருந்தது. உணவை வீணாக்குவது அந்தக் காலத்தில் குற்றம். போர்வையை இழுத்துவிட்டேன், திரையை மூடினேன், உதட்டுச் சாயம் பூசிக்கொண்டேன். கஞ்சியை நின்றபடி நானே குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மண்டபம் அழகாக இருந்தது. முக்கோணக் கொடிகள், பழைய பாட்டு, பெண்கள் தலையில் கட்டிய துணிகள். நான் கேக்கை நடு மேசையில் வைத்தபோது கை தட்டினார்கள். ஹியூ தானே வெட்டினார். எல்லோர் தட்டிலும் ஒரு துண்டு போனது. பேச்சு நின்று, கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அதைவிட நல்ல பாராட்டு சமைத்தவளுக்குக் கிடையாது.

கிளெண்டா ஒரு வாய் வைத்தாள். தட்டை மேசையில் வைத்தாள்.

"இது வெண்ணிலா," என்றாள். "ரேஷன்ல ஏது இவ்வளவு கொழுப்பு, இவ்வளவு வெண்ணிலா? இத்தன மாசமா நாங்க கேரட்ட அரைச்சுத் தின்னுக்கிட்டு இருக்கோம். இவ வீட்டுல நிஜ க்ரீம் வாங்கி வெச்சு அடிக்கிறா. எனக்கு இன்னிக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும்."

"கிளெண்டா, இன்னிக்கு நாள்ல வேணாமே," என்றார் ஹியூ. ஆனால் அவரும் தன் தட்டிலிருந்த க்ரீமைக் கரண்டியால் கிளறிப் பார்த்தார். நான் கவனித்தேன். சுற்றிலும் பார்த்தேன். எல்லோர் முகத்திலும் அதே சந்தேகம் லேசாகப் படிந்திருந்தது. தபால் பையனின் அம்மா என் கண்ணைப் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் சுலபத்தில் வராது. அன்று வந்தது.

"திருடின்னு சொல்றியா?" என்றேன். "என் வீட்டுல ஒரு சொட்டு க்ரீம் கெடச்சா, இந்த ஊர விட்டே போயிடுறேன். இந்தா முன்வாசல் சாவி. போ. பெட்டியத் திறந்து பாரு, குப்பையக் கொட்டிப் பாரு. வழக்கமாப் பாக்குறதுதானே."

சாவியை அவள் கையில் நானே திணித்தேன். நீங்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து பார்க்கிறீர்கள். அவள் உள்ளே போக வேண்டும் என்று மனதுக்குள் நான் விரும்பியிருப்பேன் என்று உங்களுடன் இருந்த அந்த மனநல மருத்துவரும் சொன்னார். இல்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் டெஸ் எனக்கு நினைவுக்கே வரவில்லை. க்ரீம் இல்லை என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது.

அவள் திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஜெயித்தவள் மாதிரி வருவாள், இல்லாவிட்டால் தோற்றவள் மாதிரி வருவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கையில் சத்துமாவு டப்பா. பாட்டை யாரோ நிறுத்தினார்கள்.

"எல்லாரும் தட்டக் கீழ வைங்க," என்றாள். "சாப்பிடாதீங்க. அது டெஸ்ஸோட சாப்பாடு."

யாருக்கும் முதலில் புரியவில்லை. பிறகு ஹியூ அவளிடமிருந்து டப்பாவை வாங்கி, அதில் ஒட்டியிருந்த மருந்துக் கடைச் சீட்டைப் படித்தார். டெஸ்மண்ட் கார்சைடு, தினம் இரு வேளை. அவர் கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு பெண் வெளியே ஓடினாள்; வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவு நல்ல கேக். பாதிக்குமேல் தட்டுகளிலேயே கிடந்தது.

ஒரு விஷயத்தில் நீங்கள் தெளிவாக இருக்க வேண்டும். நான் விதியை மீறவில்லை. நோயாளி இருக்கிற வீட்டுக்கு யுத்த காலத்தில் கூடுதல் பால் உண்டு, டாக்டர் எழுதிக் கொடுத்தால் போதும். இவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டுக்கு வந்த பாலை எப்படிச் செலவழிப்பது என்பது சமைக்கிறவளின் பொறுப்பு. ஹியூவிடம் கேளுங்கள், வரலாறு தெரிந்தவர். இப்போது என்னோடு பேச மாட்டேன் என்கிறாராம்.

மற்றதை நான் மறுக்கவில்லை. அவருக்கு நாளுக்கு நாள் குறைத்தது நான்தான். அவர் இளைப்பது எனக்குத் தெரியும். தினமும் துடைத்துவிட்டது என் கைதானே, எலும்பு எங்கே தொடங்குகிறது என்று கைக்குத் தெரியாதா? இப்படியே போனால் எங்கே போய் முடியும் என்பதும் ஏப்ரல் நடுவிலேயே தெரிந்துவிட்டது. மே எட்டு வரை தாங்குவாரா என்று மட்டும்தான் யோசித்தேன். பட்டினி போட்டுக் கொன்றேன் என்று நீங்கள் எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் எங்களுக்குள் அன்பு இல்லை என்று மட்டும் எழுத வேண்டாம். கடைசி வாரம் நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. சாயங்காலம் உருளைக்கிழங்கை நைஸாக மசித்து, என் பங்கு வெண்ணெயில் ஒரு துளி வைத்துக் கொண்டுபோனேன். "டெஸ், வாயத் திறங்க," என்றேன். அவர் என்னையே பார்த்தார். சரி என்று சொல்லவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, முகத்தை மெல்லச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். எத்தனை முறை கரண்டியைக் கொண்டுபோனாலும் அவர் திரும்பவே இல்லை. எனக்குப் புரிய ஒரு நாள் ஆயிற்று. நாற்பத்தோரு வருடக் கல்யாணத்தில் முதல் முறையாக, தன் பங்கை எனக்காக விட்டுக்கொடுத்தார். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் மனம் நோகக் கூடாதே என்று, கொஞ்சமும் மிச்சம் விடாமல் சாப்பிட்டு முடித்தேன்.